அத்தானுக்குத் தெரியாத தமிழ்

என் அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறுமாதிரி நினைக்கலாம். அவரே தன்னைப் பற்றி வேறுமாதிரிதான் நினைக்கிறார்.

ஊரில் அத்தான் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருஷம் நின்றவர். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை ஒரு பார்வையில் படித்துவிடுவார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று தெருவே அவரைத்தான் கேட்கும். முப்பத்தெட்டு வயதில் அக்காவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். போன இடத்தில் அந்த மருந்து ஞானமெல்லாம் செல்லாக்காசு. அந்த ஊர்ப் பாஷையில் பரீட்சை எழுதித் தேறினால்தான் மாத்திரை அட்டையைத் தொடவே விடுவார்கள். கிடைத்த வேலை, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கும் ஒரு பெரிய லாண்டரியில்.

அடுத்த வருஷம் நானும் போய்ச் சேர்ந்தேன். அவர்கள் வீட்டு ஹாலில் கிடந்த சோபாதான் எனக்குப் படுக்கை. இதில் கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. மீதியை அத்தான் சொன்னார். ஒரே மூச்சில் இல்லை. துண்டு துண்டாக, வெங்காயம் உரித்துக்கொண்டோ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டோ, என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த லாண்டரி நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி வந்து இறங்கும். ரத்தம், வாந்தி, இன்னும் சொல்லக்கூடாதது எல்லாம் அதில் இருக்கும். முகமூடி, முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டும். சில சமயம் ஊசிகூடச் சிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். துவைத்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, இழுத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தர் முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். சரியாக விட்டால் மறுபக்கம் அப்பளம் மாதிரி தட்டையாக வரும்.

முதல் வருஷம் அத்தானுக்கு அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வார்த்தைதான் துணை: "சரி." யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். "சாப்பிடப் போறியா?" என்றாலும் சரி, "ஏன்யா இதை இங்கே வெச்சே?" என்றாலும் சரி. ஒருநாள் சூப்பர்வைசரம்மா "நிறுத்து, நிறுத்து" என்று கத்த, இவர் "சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே டிராலியை இன்னும் வேகமாகத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு கதவில் மோதினார். அன்றிலிருந்து அவருக்கு அங்கே பெயர் "சரி". அவருடைய சொந்தப் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, இது நுழைந்தது. "சரி வந்தாச்சா?" என்பார்கள். சாப்பாட்டு அறையில் அவர் டப்பாவைத் திறந்தால் யாராவது ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவார். ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஜன்னல் மட்டும் திறக்கும்.

அத்தான் ரோஷக்காரர். பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தைகளை மனப்பாடம் பண்ணினார். அந்த ஊர்க்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, முதலில் அரை வினாடி தாமதமாகச் சிரித்தார். பிறகு கூடவே சிரித்தார். மூன்றாவது வருஷம் அவர் சொன்ன ஜோக்குக்கு அவர்கள் சிரித்தார்கள். டப்பாவை விட்டுவிட்டு ரொட்டி கொண்டுபோனார். "சரி" என்ற பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று. உருளை மெஷினுக்கு இவரைப் பொறுப்பாளாகப் போடப்போகிறோம் என்று சூப்பர்வைசரம்மா ஒருநாள் சொன்னதை அக்காவிடம் நாலு தடவை சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் டெய்லர் வந்தார்.

டெய்லர் என்பது நாங்கள் பின்னாளில் கூப்பிட்ட பெயர். ஊரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் மப்ளர். சூப்பர்வைசரம்மா அவரைக் கூட்டிவந்து ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொல்ல, தலையைத் தலையை ஆட்டி "சரி, சரி" என்றார். மூலையிலிருந்து ஒருத்தன், "அடேய், இன்னொரு சரி வந்துட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி அத்தானையும் பார்த்துச் சிரித்தார்கள்.

டெய்லருக்கு எதற்கு இந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நேரே வந்து, "சார், தமிழா?" என்றார்.

அத்தான் புரியாத மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

சூப்பர்வைசரம்மா அந்த ஊர்ப் பாஷையில் கேட்டார்: "உங்க ஊர்க்காரர் மாதிரி இருக்கார். உங்க பாஷைதானே? நல்லதாப் போச்சு, நீயே சொல்லிக்கொடு."

"இல்ல," என்றார் அத்தான். "எங்க பக்கத்துல ஏகப்பட்ட பாஷை. அவர் பேசறது வேற. எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தும்மல் மாதிரி வந்துவிட்டது என்றார் என்னிடம். வந்ததைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். ஒரு நாள் பொய்யென்றால் வாய் தவறியது என்று சமாளிக்கலாம். ஒரு வாரப் பொய்யை என்னவென்று சொல்வது?

விதி பாருங்கள், சூப்பர்வைசரம்மா இரண்டு பேரையும் ஒரே உருளையில் ஜோடி போட்டார். காலையிலிருந்து ஷிப்ட் முடியும்வரை ஒரே விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம். டெய்லருக்குச் சும்மா இருக்க வராது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் பேசிப் பழகிய வாய். இவருக்குப் புரியாது என்ற தைரியம் போலிருக்கிறது, பேசிக்கொண்டே இருப்பார்.

"என் வீட்டம்மா நாள் பூரா ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கா சார். பேச ஒரு ஆள் கிடையாது. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிட்டா சுவத்துகிட்ட பேசறா. நேத்து கண்ணு வீங்கியிருந்துச்சு. கேட்டா வெங்காயம் நறுக்குனேங்கறா. வீட்ல வெங்காயமே இல்ல."

அத்தான் விரிப்பை உதறுவார்.

"உங்ககிட்ட சொல்லி என்ன. நீங்க பாவம், மாடு மாதிரி பாக்கறீங்க."

சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு கனத்தால் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் அக்காவும் வீட்டில் அதே மாதிரிதான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பெண்களையும் ஒரு பஸ் தூரம்தான் பிரித்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மாப்பிள்ளை" என்றார் அத்தான் என்னிடம். "அதைத்தான் நான் முழுங்கிட்டேன்."

ஆறாவது வாரம் ஒரு புது ஆஸ்பத்திரியிலிருந்து துணி வர ஆரம்பித்தது. வேலை குவிந்து கிடந்தது. தன்னைப் பொறுப்பாளாகப் போடப் பரீட்சை பார்க்கிறார்கள் என்று அத்தானுக்குத் தெரியும். சீக்கிரம் காயட்டும் என்று உருளையின் சூட்டை இரண்டு படி ஏற்றிவைத்தார். டெய்லர் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சார், இது அந்தத் துணி இல்ல. கலப்பு நூலு. இவ்வளவு சூடு தாங்காது." கையால் சூட்டுப் பொத்தான்கள் பக்கம் காட்டினார். "கருகுற வாசம் வருது பாருங்க. அந்தம்மாகிட்ட சொல்லணும். எனக்கு வார்த்தை வரலியே."

அத்தானுக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. கை பொத்தான் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது. இப்போது குறைத்தால், நான் சொன்னது இவருக்குப் புரிந்துவிட்டதே என்று டெய்லர் நினைப்பார். ஒரு பத்து விரிப்பு போகட்டும், பிறகு நாமாகப் பார்த்துக் குறைக்கிற மாதிரி குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

பத்து விரிப்பு போகவில்லை. ஏழாவது உள்ளே சுருண்டு சிக்கியது. அதன்மேல் எட்டாவது. புகை வந்தது, மணி அலறியது, எல்லோரையும் குளிரில் முற்றத்துக்கு விரட்டினார்கள். உருளையின் உறை உருகிப்போய் மெஷின் இரண்டு நாள் ஓடவில்லை.

முற்றத்தில் வைத்தே சூப்பர்வைசரம்மா கேட்டார். நேரே டெய்லரைப் பார்த்துக் கேட்டார்: "சூட்டை ஏத்தினது நீயா?"

டெய்லர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, "சரி" என்றார்.

அத்தான் பொய் சொல்லவில்லை. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு தன் ஷூவைப் பார்த்தார்.

மறுநாள் டெய்லரைச் சுவருக்கு அந்தப் பக்கம், அழுக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். போகும்போது ஏதோ பதவி உயர்வு என்று நினைத்தவர் மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனாராம். அத்தானுக்கும் கொடுத்தார். அடுத்த மாதம் அத்தான் பொறுப்பாளாக ஆனார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன அட்டை தந்தார்கள். அக்கா அதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். அவர் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

இரண்டு மாதம் போயிற்று. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் அக்காவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். புதையல் எடுத்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

"தமிழ்டா. நம்மள மாதிரியே. நான் பேரைக் கூப்பிட்டு குழந்தையை அதட்டுனேன், பின்னாடி இருந்து ஒரு குரல், ‘ஏம்மா தமிழா’ன்னு. நான் அழுதுட்டேன்டா, வெக்கமில்லாம. அவங்களும்தான்."

அதன்பிறகு தினமும் போனில் ஒரு மணி நேரம். அந்த அம்மா இவளைத் "தங்கச்சி" என்றாள். இவள் "அக்கா" என்றாள். அவங்க வீட்டுக்காரரும் ஏதோ லாண்டரியிலதான் வேலையாம் என்று அக்கா சொன்னபோது அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த ஊர்ல லாண்டரியா இல்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அத்தானுக்குத் தலைவலி வந்தது, வயிற்றுவலி வந்தது. அக்கா எதற்கும் மசியவில்லை. "மூணு வருஷத்துல இந்த வீட்டுக்கு வர்ற முதல் விருந்தாளி. மூஞ்சியக் காட்டாம படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

மணி அடித்தது. கதவைத் திறந்தவர் அத்தான்தான். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே ஒரு அம்மா, பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண், அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர். அத்தானின் கை கதவுப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"வணக்கம் சார். ரொம்பச் சந்தோஷம், இன்னைக்குத்தான் பாக்கக் குடுத்து வெச்சிருக்கு."

அக்கா உள்ளேயிருந்து, "என்னங்க, உள்ள கூப்பிடுங்க, வாசல்லயே நிக்க வெச்சுக்கிட்டு" என்றாள். அத்தான் "வாங்க" என்றார். டெய்லரிடம் அவர் பேசிய முதல் தமிழ் வார்த்தை அதுதான்.

சாப்பிடும்போது டெய்லர் கேட்டார்: "சார் எங்க வேலை?"

"லாண்டரி..."

"அப்படியா. நானும்தான். ஆனா பெரிய ஊரு, எத்தனையோ லாண்டரி." குழம்பை ஊற்றிக்கொண்டார். "எனக்கு மொதல்ல நல்ல வேலையா குடுத்தாங்க. அப்பறம் மாத்திட்டாங்க."

"ஏன் மாத்துனாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலைங்க. பாஷை தெரியாதவனுக்குக் காரணம் யாரு சொல்றா?"

டெய்லரம்மா சொன்னாள்: "வந்தா நேரா பாத்ரூம்தான் தங்கச்சி. ஒரு மணி நேரம் குளிப்பாரு. வாசனை போகலைங்கறாரு. எனக்கு ஒண்ணும் வரல. அவருக்கு மட்டும் வருது."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னது நிஜம்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் அத்தான் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். "நானும் வரேன் சார், காத்தாட" என்று டெய்லர் பின்னாலேயே போனார். மற்றதை அத்தான் சொல்லித்தான் தெரியும்.

குப்பைத் தொட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டே அத்தான், "என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

"எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்," என்றார் டெய்லர். "டிராலிச் சக்கரம் உங்க கால்ல ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? ‘ஐயோ அம்மா’ன்னீங்க. வலிக்கறப்ப யாரும் நடிக்க முடியாது சார்."

"தெரிஞ்சுதான் அவ்வளவும் பேசுனீங்களா?"

"என் பொண்டாட்டி அழுகற கதைய வேற யார்கிட்ட சொல்றது? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன்."

"அந்த மெஷின்... நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. அந்தம்மா கேட்டப்பவும்..."

"என்ன கேட்டாங்க? அன்னைக்கு நல்லா இருக்கியான்னு கேக்கறாங்கன்னு நெனச்சுத்தான் தலைய ஆட்டுனேன். அப்பறம் அழுக்குப் பக்கத்துக்குப் போனப்ப கொஞ்சம் கொஞ்சமா வெளங்குச்சு." தொட்டியின் மூடியை வாங்கிச் சாத்தினார். "கோவம் இல்லைன்னு சொல்லமாட்டேன் சார். மேல வெச்சு, எல்லார் முன்னாடியும் கேக்கணும்னுதான் கதவு திறந்ததும் தோணுச்சு. ஆனா என் வீட்டம்மாவுக்கு இந்த ஊர்ல பேசறதுக்கு இருக்கறது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான். இதச் சொன்னா அதுவும் போயிடும். அதுக்காகத்தான் வாய மூடிக்கிட்டேன். உங்களுக்காக இல்ல."

சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அத்தான் மேலே வந்தபோது டெய்லர் எங்கள் வீட்டுக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தான் சூப்பர்வைசரம்மாவின் அறைக்குப் போனார். சூட்டை ஏற்றியது நான், அவர் எச்சரித்தார், எனக்குப் புரிந்தது, அவர் பாஷை என் தாய்மொழி என்று ஒப்பித்தார். பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்திருந்தார், இலக்கணப்பிழை வந்துவிடக்கூடாது என்று. அந்தம்மா முழுக்கக் கேட்டார். திட்டுவார், அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தார் அத்தான்.

"ஏன் தெரியாதுன்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

அத்தானிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலில் இந்த அம்மாவும் இருந்தார், அவருடைய சிரிப்பும் இருந்தது. அதைச் சொன்னால் பழியை இங்கே தள்ளுகிற மாதிரி ஆகிவிடும்.

"அது நாலு மாசத்துக்கு முந்தின கதை," என்றார் அந்தம்மா. "மெஷினும் சரியாயிடுச்சு. அவர் அங்கே நல்லா வேலை செய்யறார். இப்ப மாத்தினா அந்த இடத்துக்கு யாரைப் போடறது?"

"என்னைப் போடுங்க," என்றார் அத்தான்.

போட்டார்கள். டெய்லர் சுத்தப் பக்கம் வந்தார். சட்டை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தான் முழங்கைக் கையுறை மாட்டிக்கொண்டார். செய்த தப்புக்கு ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தாராம். முதல் மூட்டையைப் பிரித்தபோதே தெரிந்துவிட்டது. இவர் இப்போது வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டால் அந்த மனிதர் பிடித்த நாலு மாதம் இல்லையென்று ஆகிவிடாது. அந்த வாடை வீட்டுக்கு வந்தும் போகவில்லை. அவரும் ஒரு மணி நேரம் குளித்தார்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அட்டை எங்கே என்று அவள் கேட்ட அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். நான் சோபாவில் இருந்தேன். எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. அக்கா கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் அந்த அக்கா முகத்துல எப்படிங்க முழிப்பேன்?" என்றாள்.

மறுநாள் அவளே பஸ் ஏறிப் போய் டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாதாம். கேட்டுவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீ போயிட்டு வா தங்கச்சி" என்றாளாம். இரண்டு மாதம் போன் வரவில்லை. அக்கா மறுபடியும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் அந்த அம்மா போன் செய்தாள். பெண்ணின் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதோ கடிதம் வந்திருக்கிறது, படித்துச் சொல்ல ஆள் இல்லை என்றாள். அக்கா ஓடினாள். அப்படித்தான் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பழைய மாதிரி இல்லை. "தங்கச்சி" என்று சொல்வதற்கு முன்னால் இப்போது ஒரு சின்ன இடைவெளி இருக்கும் என்பாள் அக்கா.

டெய்லர் அத்தானிடம் லாண்டரியில் பேசத்தான் செய்தார். ஆனால் தமிழில் இல்லை. அந்த ஊர்ப் பாஷையை அவரும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சந்தித்தால், பிழை பிழையாக, "காலை வணக்கம். குளிர் அதிகம்" என்பார். அத்தான் தமிழில் பதில் சொன்னாலும் அடுத்த வாக்கியமும் அதே பாஷையில்தான் வரும். பழிவாங்குகிறாரா, பழகுகிறாரா என்று அத்தானுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

நான் இப்போது வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அக்கா வீட்டுக்குப் போவேன். டெய்லர் குடும்பமும் மாதத்தில் ஒரு தடவை வருவார்கள். பெண்கள் சமையலறையில் பேசிச் சிரிப்பார்கள். டெய்லர் என்னிடம் நன்றாகப் பேசுவார். குழந்தையின் கவுனைப் பிரித்து இடுப்பைச் சரிசெய்து கொடுப்பார். அத்தான் எல்லோருக்கும் தண்ணீர் வைப்பார், நாற்காலி இழுத்துப் போடுவார், பிறகு பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். போன வாரம் அவர் கிளம்பிப் போனதும் நான் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பால் மூன்று பாட்டில் இருந்தது. அக்கா என்னைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்து, குளிர் போகுது என்றாள்.